எந்த விதைக்கு எத்தனை நாள் ஈரம்: ராமநாதபுரம் கரையில் காட்டு மரங்களை முளைக்கவைக்க ஒரு வழிகாட்டி

நாவல் ஆனி, ஆடியில் பழுக்கிறது. வேப்பம்பழமும் அப்போதுதான் உதிர்கிறது. ராமநாதபுரம் கரைக்கு மழை வருவதோ ஐப்பசியில். இடையில் உள்ள மூன்று மாதமும் மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கம் மண்ணை உலர்த்தும் காற்று ஓய்வதில்லை. விதையிலிருந்து மரம் வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் ஏமாறுகிறார்கள். கிடைத்த விதைகளையெல்லாம் ஒரே சாக்கில் கட்டிவைத்து, முதல் மழை விழுந்ததும் மொத்தமாக ஊன்றுகிறார்கள். அதற்குள் நாவலும் இலுப்பையும் உயிர் விட்டிருக்கும். உடை மர விதையும் வன்னி விதையும் உயிரோடு இருந்தாலும் தோல் திறக்காமல் கல்லாகக் கிடக்கும். ஆல் விதை ஒரு விரற்கடை ஆழத்தில் புதைந்து, முளைக்க வழியில்லாமல் போகும்.

இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே விதையைக் கையில் எடுத்ததும் அதன் அளவு என்ன, ஈரம் இழந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள். ஊன்றப்போகும் மண்ணில் எந்த ஆழத்தில் எத்தனை நாள் ஈரம் நிற்கிறது என்றும் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் முளைப்பு தானாக வரும். பொருந்தாத இடத்தில் எவ்வளவு எரு போட்டும் பயனில்லை.

விதை தண்ணீர் குடிக்கும் விதம்

உலர்ந்த விதை மூன்று கட்டமாக நீரை ஏற்கிறது. முதலில் வேகமாக உறிஞ்சி உப்புகிறது. பிறகு வெளியே எந்த மாற்றமும் தெரியாத ஓர் இடைவேளை. அந்த நேரத்தில்தான் உள்ளே முளைக்கரு விழித்து வேலை தொடங்குகிறது. மூன்றாவதாக வேர் முனை தோலைக் கிழித்து வெளியே வருகிறது. முதல் இரண்டு கட்டங்களில் மண் காய்ந்துவிட்டால், உலர்வைத் தாங்கும் வகை விதைகள் பெரும்பாலும் மறுபடி உறங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வேர் முனை வெளிவந்தபின் அந்த வசதி கிடையாது. அதற்குமேல் ஈரம் போனால் விதையும் போயிற்று.

சின்ன விதைக்கு உடலைவிட மேற்பரப்பு அதிகம். அதனால் சீக்கிரம் நனைகிறது, சீக்கிரம் உலர்கிறது. உள்ளே சேமிப்பும் மிகக் குறைவு. ஆழத்தில் புதைந்தால் வெளிச்சத்தை எட்டுமுன்பே அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடும். ஆகவே அது மண்ணின் மேல்தோலிலேயே முளைத்தாக வேண்டும். முதலில் காய்கிற இடமும் அதுதான். பெரிய விதை நனைய நாளாகும், தண்ணீரும் நிறைய வேண்டும். ஆனால் ஆழத்தில் இருந்துகொண்டே தளிரை மேலே அனுப்ப அதற்குத் தெம்பு உண்டு. மேலே அனுப்புவதற்கு முன்பே நீளமான வேரையும் கீழே இறக்கிவிடும்.

பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் வெட்டவெளியை முதலில் பிடிக்கும் மரங்களை ஆராய்ந்தபோது இதே கணக்கு வேறு வடிவில் தெரிந்தது. சுமார் 2 மில்லிகிராமுக்குக் குறைந்த நுண்விதைகள் வெளிச்சம் பட்டால்தான் முளைத்தன. அதைவிடப் பெரியவற்றில் பல, பகலிரவு வெப்பம் ஏறி இறங்குவதை அடையாளமாகக் கொண்டன. நுண்விதைக்கு வெளிச்சம் என்பது தான் மேற்பரப்பில்தான் இருக்கிறது என்பதற்கான சான்று. ஆல், அரசு விதைகளை மண் போட்டு மூடக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

முதல் வேலை: மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

விதை சேகரிக்கப் புறப்படுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த நாளில், ஊன்றப்போகும் இடத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். ஒரு விரற்கடை, நான்கு விரற்கடை, ஒரு சாண் என மூன்று ஆழங்களில் மண்ணெடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். பிடித்த மண் உருண்டையாக நின்றால் விதைக்குப் போதுமான ஈரம் உண்டு. நீர் கசிந்தால் அதிகம். உதிர்ந்தால் போதாது. மணலில் உருண்டை அவ்வளவாக நிற்காது. அங்கே நிறத்தையும் குளிர்ச்சியையும் பாருங்கள். சில நாள் இடைவெளி விட்டு, பக்கத்திலேயே புதுக் குழி வெட்டி மறுபடி பாருங்கள். எந்த ஆழத்தில் ஈரம் எவ்வளவு நாள் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நோட்டின் அந்தப் பக்கம்தான் உங்கள் நிலத்துக்கான நாட்காட்டி.

இந்தக் கரையில் மண் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் மாறும். ராமேஸ்வரம் தீவு, மண்டபம், சேதுக்கரைப் பக்கத்து மணல் நீரை உடனே கீழே விட்டுவிடும். மழை நின்ற இரண்டாம் நாளே மேல்மணல் வெளுத்துப் பறக்கும். புதியவர்கள் அதைப் பார்த்து ஈரமே இல்லை என்று கைவிடுகிறார்கள். கையால் நான்கு விரற்கடை மணலைத் தள்ளிப் பாருங்கள். வெள்ளை மணல் முடிகிற இடத்தில் கோடு போட்டாற்போல் கருத்த, குளிர்ந்த மணல் தொடங்கும். மேலே காய்ந்த மணலே ஒரு போர்வையாகிக் கீழேயுள்ள ஈரத்தை ஆவியாகவிடாமல் காக்கிறது. பெரிய விதைகளுக்கு இது அருமையான இடம். சின்ன விதைக்கு இங்கே நேரடியாக இடமில்லை.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலும் கண்மாய் உள்வாய்க் களிமண்ணும் இதற்கு நேரெதிர். நீரை நிறையப் பிடித்துவைக்கும். ஆனால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தொட்டால் ஈரமாகத் தோன்றும் களிமண்ணிலிருந்து விதையால் உறிஞ்ச முடிவது, அதே ஈரம் தெரிகிற மணலிலிருந்து கிடைப்பதைவிடக் குறைவு. மழை அடித்து வெயில் காய்ந்ததும் மேலே பொருக்குத் தட்டும். அதைத் தள்ளித் தலை நீட்டப் புங்கன் விதைக்கு வலு உண்டு. நுண்விதை முளைக்கு இல்லை. தண்ணீர் தேங்கினால் காற்று போகாமல் பெரிய விதைகளும் அழுகும்.

மூன்றாவது உவர் நிலம். கோடையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் இடம் எதுவும் இதில் சேரும். இங்கே மண் நனைந்திருந்தாலும் விதைக்குத் தாகம் தீராது. மண்ணீரில் கரைந்த உப்பு, நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. பூவரசு, உகாய் போன்ற உப்பைத் தாங்கும் மரங்கள்கூட முளைக்கும் பருவத்தில் நல்ல தண்ணீரையே விரும்பும். தாங்கும் திறன் வளர வளரத்தான் வரும். ஆகவே உவர் நிலத்தில் பருவமழை இரண்டு மூன்று முறை கனத்துப் பெய்து உப்பைக் கீழே இறக்கிய பிறகு, கார்த்திகைவாக்கில் ஊன்றுங்கள். நாற்றங்காலுக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை விடாதீர்கள். கடலோர மணலில் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் தனி அடுக்காக மிதந்து நிற்கும். நம் ஊர்ப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளுவது அந்தத் தண்ணீரைத்தான். முளைக்கும் விதைக்கு அதைக் கொடுங்கள். ஊருக்குக் குடிக்கப் போக மீதமிருந்தால் மட்டும்.

இரண்டாவது: விதைகளைப் பிரித்து வையுங்கள்

அளவையும் உலர்வு தாங்கும் தன்மையையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். அளவை மட்டும் பார்த்தால் நாவலையும் புங்கனையும் ஒன்றாக வைத்துவிடுவீர்கள்.

முதலில் காத்திருக்காதவை: நாவல், இலுப்பை, வேம்பு. நாவலும் இலுப்பையும் சதைப்பற்றுள்ள, ஈரம் நிறைந்த விதைகள். உலர்த்திச் சேமிக்கவே முடியாது. இத்தகைய விதைகளின் இயல்பை 1973-இல் ராபர்ட்ஸ் என்ற விதையியல் அறிஞர் தனி வகையாக வரையறுத்தார். உலர்ந்தால் உயிர் போகும் விதைகள் வெப்பமண்டலக் காடுகளில் ஏராளம். பல மரங்கள் அவற்றை மழைக்காலத்திலேயே உதிர்த்து உடனே முளைக்கவிடும். ஆனி, ஆடியில் மலைப்பக்கம் தென்மேற்குப் பருவமழை இருக்கிறது, அங்கே விழுந்த நாவல் விழுந்த இடத்திலேயே முளைக்கும். நம் கரையில் அப்போது ஆடிக்காற்று. ஆகவே அந்த மழையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பழத்தின் சதையைப் பிசைந்து கழுவி, ஓரிரு நாளில் பையில் ஊன்றிவிடுங்கள். வேம்பு சற்றுப் பொறுக்கும். சதை நீக்கி நிழலில் உலர்த்தினால் சில வாரம் தாங்கும், ஐப்பசி வரை தாங்காது. இந்த மூன்றையும் ஆடியில் பையில் முளைக்கவைத்து, மழையில் கன்றாக நடுவதே வழி. ஒரு நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் வியக்க வேண்டாம். அதன் இயல்பு அது. வலுத்ததை வைத்துக்கொண்டு மற்றதை நறுக்கிவிடுங்கள்.

அடுத்து, காத்திருக்கத் தெரிந்தவை: உடை, கருவேல், வன்னி, வாகை, சரக்கொன்றை, பூவரசு. இவற்றின் தோல் கடினமானது. பலவற்றில் தண்ணீரே உள்ளே புகாது. உலர்ந்த சட்டியில் மூடி வைத்தால் அடுத்த ஆண்டும் முளைக்கும். ஊன்றுவதற்கு முன் தோலைத் திறந்துவிட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப்போல் ஐந்து பங்கு நீரில் விதையைப் போட்டு இரவு முழுதும் ஆறவிடுங்கள். காலையில் உப்பியவற்றை ஊன்றுங்கள். உப்பாதவற்றை மறுபடி அதேபோல் செய்யுங்கள். குறைந்த அளவு விதை என்றால், முளைக்கரு இல்லாத ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்ப்பது இன்னும் நல்லது. ஆட்டுக் கிடை போடும் கீதாரிகளிடம் கேட்டால் அதைவிட எளிய வழி சொல்வார்கள். கருவேல நெற்று தின்ற ஆடு வயிற்றில் ஊறிய விதை, பட்டியில் புழுக்கையோடு கிடக்கும். பொறுக்கி எடுத்து, வெந்நீர்ப் பக்குவம் இல்லாமலே ஊன்றலாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீமைக்கருவேல நெற்றும் அதே ஆட்டுப் புழுக்கையில்தான் பரவுகிறது. பட்டியில் பொறுக்கிய விதையை அப்படியே தூவாதீர்கள். பையில் முளைக்கவைத்து, கன்றை அடையாளம் கண்டபின் நடுங்கள். இந்த மாவட்டம் அந்த மரத்திடம் இழந்த நிலம் போதும்.

புங்கன், புன்னை, இலந்தை ஆகியவை நடுவில் நிற்பவை. புங்கன் நெற்று மாசி முதல் கிடைக்கும். உலர்த்திப் பல மாதம் வைக்கலாம், எந்தப் பக்குவமும் தேவையில்லை. புன்னைக் கொட்டைக்குச் சுற்றிலும் ஓடு. ஓட்டோடு ஊன்றினால் முளைக்க இரண்டு மாதம்வரை ஆகும். பக்குவமாகத் தட்டி ஓட்டை எடுத்துவிட்டால் மூன்று வாரம் போதும். மழையே மூன்று மாதம்தான் என்னும்போது இந்த வித்தியாசம் பெரியது. புன்னையை நீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் சோதனை செய்யாதீர்கள். கடலில் மிதந்து கரை சேரப் பிறந்த கொட்டை அது. நல்லதும் மிதக்கும். உத்தரகோசமங்கையில் தலமரமாக நிற்கும் இலந்தைக்கும் ஓட்டைத் தட்டுவதே பக்குவம். சுத்தியலை மெதுவாக, கொட்டையின் ஓரத்தில் வையுங்கள்.

கடைசியில் நுண்விதைகள்: ஆல், அரசு, அத்தி. பனைமரத்தில் ஆலங்கன்று முளைத்திருப்பதை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. அருகில் போய்ப் பாருங்கள். வெட்டிய மட்டையின் அடிக்கட்டை உடம்போடு ஒட்டி நிற்கும் இடுக்கில் தூசியும் பறவை எச்சமும் சேர்ந்து, நார் நனைந்து, மழை நின்று பல நாள் ஆகியும் ஈரம் பிடித்து இருக்கும். வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை. ஆல் விதை கேட்பது அவ்வளவுதான். அந்த இடுக்கை நாம் சட்டியில் உண்டாக்க வேண்டும். அடியில் ஓட்டையுள்ள மண்சட்டியில் செங்கல் பொடியும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். பழுத்து விழுந்த ஆலம்பழத்தை நீரில் பிசைந்து, துணியில் வடித்து, நுண்மணலோடு கலந்து மேலே தூவுங்கள். மூட வேண்டாம், உள்ளங்கையால் அழுத்தினால் போதும். மேலே தண்ணீர் ஊற்றாமல், சட்டியை ஆழமில்லாத தட்டு நீரில் வைத்து அடியிலிருந்து நனையவிடுங்கள். மேலே ஒளி புகும் பாலித்தீன் தாளைக் கட்டி, நிழலில் வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள்.

பனை தனி

பனங்கொட்டையைப் பையில் போடாதீர்கள். அது முளைக்கும் விதமே வேறு. கொட்டையின் கண்ணிலிருந்து விரல் தடிமனில் வெளுத்த ஒரு குழல் வந்து, நேராகக் கீழே இறங்கும். முளைக்கருவை அந்தக் குழல் தன்னோடு மண்ணுக்குள் கொண்டுபோகிறது. கொட்டை மேலே இருக்க, மரம் ஒரு முழம் கீழே, ஈரம் நிலைத்த இடத்தில் உருவாகத் தொடங்குகிறது. கிழங்குக்காகப் பாத்தி போட்ட வீட்டில் கார்த்திகைவாக்கில் ஒரு கொட்டையை வெட்டித் தரச் சொல்லுங்கள். உள்ளே கல்போன்ற பருப்பு பாதி கரைந்து, நடுவில் வெள்ளைப் பஞ்சாகத் தவுண் நிறைந்திருக்கும். பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழேயுள்ள கிழங்குக்கு அனுப்பும் உறுப்பு அது. பெரிய விதை என்றால் என்ன பலம் என்று அந்த ஒரு வெட்டில் தெரிந்துவிடும்.

ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தைச் சதை நீக்கி, கண்மாய்க் கரையிலோ மணல்மேட்டிலோ மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே, பத்தடிக்கு ஒன்றாகக் கொட்டை மறையும் ஆழத்தில் புதையுங்கள். நீர் ஊற்ற வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும். முதல் ஓலை மேலே தெரியப் பல மாதம் ஆகும். கிளறிப் பார்க்காதீர்கள்.

ஊன்றும் ஆழமும் நீர் விடும் முறையும்

பை மண்ணுக்கு மணல், கண்மாய் வண்டல், மக்கிய எரு மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். வண்டல் கூடினால் இறுகும், மணல் கூடினால் காயும். விதையின் தடிமனைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக்கணக்கு. மணலில் சற்றுக் கூடுதலாகவும் களிமண்ணில் சற்றுக் குறைவாகவும் வையுங்கள். ஊன்றியபின் மண்ணை விரலால் அழுத்த மறக்க வேண்டாம். பெரிய விதையைச் சுற்றிக் காற்றிடைவெளி இருந்தால், பக்கத்தில் ஈரம் இருந்தும் அது விதைக்குள் வராது.

நீர் எப்போது என்பதை விதை இருக்கும் ஆழத்தில் விரலை விட்டு முடிவு செய்யுங்கள். நாவல் பையில் மேல்மண் வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் விடவேண்டாம். தினமும் இருவேளை ஊற்றி நாவலை அழுகவைப்பவர்கள் நிறைய. ஆல் சட்டியில் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பே கணக்கு. அது வெளுத்தால் அன்றே இழப்பு. பைகளுக்கு மேல் பனையோலைப் பந்தல் போடுங்கள். காற்று வரும் திசையில் ஓலைத் தட்டி ஒன்றும் வையுங்கள். ஆடியில் வெயிலுக்கு நிகராகக் காற்றும் ஈரத்தைத் திருடும்.

முதல் மழையை நம்பாதீர்கள்

நேரடியாக நிலத்தில் தூவ நினைப்பவர்களுக்கு இது. புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்யும், பிறகு இரண்டு வாரம் வானம் வெறிச்சோடும். புழுதி விதைப்பில் நெல் போடும் நம் விவசாயிகளுக்கு இது தெரிந்த கவலைதான்: விதை முளைத்துவிடும், தொடர்மழை வராது, பயிர் கருகும். வெந்நீர்ப் பக்குவம் செய்த உடை விதையைப் புரட்டாசி மழையில் தூவினால் எல்லாமே ஒரே நாளில் முளைத்து ஒரே வாரத்தில் காயும். இயற்கையில் அந்த மரத்தின் விதைகள் ஆளுக்கொரு காலத்தில் தோல் திறப்பதால் சில தப்பும். நாம் பக்குவம் செய்யும்போது அந்தக் காப்பை எடுத்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு சாண் ஆழம்வரை நனைந்தது உறுதியான பிறகு, ஐப்பசியில் தொடங்குங்கள். தூவும் விதையில் பாதிக்கு வெந்நீர்ப் பக்குவம் செய்யுங்கள், பாதியை அப்படியே விடுங்கள். புங்கன், புன்னைபோன்ற பெரிய விதைகளை மேலே சொன்ன மடங்குக் கணக்கு ஆழத்தில், இரண்டிரண்டாக ஊன்றுங்கள். எலியும் அணிலும் தோண்டாமல் இருக்க மேலே உடை முள்ளை வைத்து அழுத்துங்கள். ஆல், அரசை நிலத்தில் தூவவே வேண்டாம்.

நட்ட பிறகு

ஆடியில் முளைத்த நாவல், வேம்பு, இலுப்பைக் கன்றுகளைக் கார்த்திகை முதல் வாரத்துக்குள் நட்டுவிடுங்கள். மார்கழியில் நட்டால் வேர் ஆழம் போவதற்குள் மண் காயத் தொடங்கும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பந்தல் ஓலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, நீரையும் குறைத்துப் பழக்குங்கள். பையடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டுங்கள்.

ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் காய்ந்த பனையோலையோ வைக்கோலோ பரப்புங்கள். தையிலிருந்து வாரம் ஒருமுறை, ஒரு குடம் நீரை மெதுவாக ஆழத்துக்கு இறங்கும்படி ஊற்றுங்கள். தினமும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும், சித்திரை வெயிலில் அந்தக் கன்று நிற்காது. ஆடு எட்டாத உயரம் வரும்வரை முள்வேலியை எடுக்காதீர்கள். உங்கள் நோட்டில் எந்த விதை, எந்த மண், ஊன்றிய தேதி, முளைத்த தேதி என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். அடுத்த ஆனியில் நாவல் விழத் தொடங்கும்போது, எத்தனை பை தயார் செய்ய வேண்டும் என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.